உருக்கின்மேல் ஒரு தோல்: நிரப்பு உலோகத் தெரிவின் வரலாறு

கடற்காற்று உருக்கை எத்துணை விரைவில் தின்னும் என்பதை வெள்ளவத்தைக் கரையோர வீடுகளின் சாளரக் கம்பிகளே காட்டும். கொட்டாஞ்சேனையை அடுத்த துறைமுகத்திலோ அத்துரு பெரும் பணச்செலவாகிறது. 1974இல் நிறுவப்பெற்ற கொழும்புக் கப்பல் திருத்துதளத்துக்கு உப்புநீர் பகை; 1969இல் இயங்கத் தொடங்கிய சப்புகஸ்கந்தை எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையத்துக்கு மசகெண்ணெயிலுள்ள கந்தகம் பகை.

இத்தகைய இடங்களில் கலம் முழுவதையும் கறையில் உருக்கால் ஆக்குதல் பெருஞ்செலவு. ஆகவே, வலிமைக்குச் சாதாரண உருக்கும், அதன்மேல் உருக்கியொட்டிய மெல்லிய தோலொன்றும் போதும் என்ற எண்ணம் பிறந்தது. அத்தோலுக்கு எவ்வுலோகத்தைத் தெரிவது?

சுவீடனைச் சேர்ந்த ஒஸ்கார் செல்பேர்க் பூச்சிட்ட மின்வாய்க்கு உரிமம் பெற்றது 1907இல். கப்பற் கொதிகலன்களைப் பழுதுபார்க்கும் தேவையே அவரை அதற்குத் தூண்டிற்று. செர்மனியில் குறுப் ஆலையாரும், செபீல்டில் ஹரி பிறியர்லியும் 1912–13இல் கறையில் உருக்குகளை ஆக்கினர். முதலாம் உலகப் போருக்கு முன்னரே முறையும் உலோகமும் கைக்கு வந்துவிட்டன. தெரியும் அறிவு மட்டும் பிந்தியே வந்தது.

காரணம் ஐதாதல். மின்வில்லில் மின்வாய் உருகும்போது அடியிலுள்ள உருக்கும் உருகிக் கலக்கிறது. கைமுறை ஒட்டலில் இக்கலப்பு ஏறத்தாழ 30 வீதம் வரை செல்லலாம். 20 வீதக் குரோமியமும் 10 வீத நிக்கலும் கொண்ட மின்வாயை இட்டால், படிவில் எஞ்சுவது 14உம் 7உமே. அடியுருக்கின் காபனும் உடன் சேர, மாட்டென்சைற்று எனும் கடினமான, நொறுங்கும் அமைப்புத் தோன்றும், தோல் வெடிக்கும். பொதியில் அச்சிட்ட உலோகம் வேறு, கலத்தில் படிந்த உலோகம் வேறு.

1949இல் அன்ரன் செவ்லர் வெளியிட்ட வரைபடம் இவ்விருளை நீக்கியது. குரோமியச் சமவலு ஓரச்சிலும் நிக்கற் சமவலு மற்றையதிலும் குறிக்கப்பட்டன. மின்வில்லை ஏற்றுமுன்னரே விளைவைக் கணிக்க முடிந்தது. முதற்படைக்கு 24 வீதக் குரோமியமும் 13 வீத நிக்கலும் உள்ள 309 வகை ஏன் ஏற்றது என்பதும் புலனாயிற்று: 30 வீதம் ஐதானாலும் 17உம் 9உம் எஞ்சும். சிறிதளவு பெரைற்று எஞ்சுவதும் நன்றே. அது சூட்டு வெடிப்பைத் தடுக்கும். இரண்டாம் படையையே சூழலுக்கேற்பத் தெரிவர். உப்புநீர் எனின் மொலிப்தனம் கலந்த 316 வகை. உலோகங்களைக் கண்டவர்களைப் போற்றும் நூல்கள் இவ்வரைபடத்தை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது எமக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

அதுவும் முடிந்த முடிபன்று. செவ்லர் தனித்துக் கணக்கிடாத நைதரசனை 1970களில் டீலோங் சேர்த்தார். 1992இல் வேறொரு படம் வந்தது. 1960களில் சந்தைக்கு வந்த 625 எனும் நிக்கற் கலப்புலோகம் இரும்புக் கலப்பைப் பெரிதும் பொறுக்கும். விலையோ மிக அதிகம். ஆயினும் அதன் தோலையும் எண்ணெய்த் தொழிலின் அமெரிக்க நியமம் மேற்பரப்பில் எஞ்சும் இரும்பைக் கொண்டே வகுக்கிறது: 5 வீதத்துக்கு உட்பட்டது ஒன்று, 10 வீதத்துக்கு உட்பட்டது மற்றொன்று.