ரிவேரா தோத்த ராத்திரி

கிரிக்கெட்ல கடைசி ஓவர், எதிரணிக்கு ஆறு ரன் வேணும். பந்தை யார்கிட்ட குடுப்பீங்க? பேஸ்பால்ல இந்த வேலைக்குன்னே தனியா ஒருத்தர் இருப்பார். பேரு 'க்ளோசர்'. மத்த பிட்சர்கள் எல்லாம் வீசி முடிச்சதும், பெரும்பாலும் கடைசி ஒன்பதாவது இன்னிங்ஸ்ல மட்டும் வந்து, கையில இருக்குற சின்ன லீடைக் காப்பாத்தணும். காப்பாத்தினா அவர் கணக்குல ஒரு 'சேவ்'.

அந்த வேலையை மேஜர் லீக் வரலாற்றிலேயே அதிக தடவை செஞ்சவர் மரியானோ ரிவேரா. பனாமாவுல ஒரு மீனவரோட மகன். 1995-ல இருந்து 2013 வரைக்கும் நியூயார்க் யாங்கீஸ் மட்டும்தான். மொத்தம் 652 சேவ். ஆயுதம் பெரும்பாலும் ஒண்ணே ஒண்ணு: 'கட்டர்'. நேரா வர்ற மாதிரி வந்து, கடைசி நொடியில லேசா விலகும். இடது கை பேட்டரா இருந்தா அவர் கைப்பக்கமா நெருங்கி, பேட்டையே உடைச்சிடும். வரப்போறது இதுதான்னு தெரியும். ஆனாலும் அடிக்க முடியாது.

ஆனா இன்னைக்கு நான் சொல்ல வந்தது அவர் தோத்த ராத்திரியைப் பத்தி.

2001 நவம்பர் 4. உலகத் தொடரின் ஏழாவது, கடைசி ஆட்டம். எதிரணி அரிசோனா டைமண்ட்பேக்ஸ். செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து ரெண்டு மாசம்கூட ஆகல. நியூயார்க் மக்கள் ஒரு சந்தோஷத்துக்காக ஏங்கிட்டு இருந்தாங்க. யாங்கீஸ் 2-1 லீட். ரிவேரா எட்டாவது இன்னிங்ஸ்லயே இறங்கி மூணு பேரை ஸ்ட்ரைக் அவுட் பண்றார். பிளேஆஃப்ல அதுவரைக்கும் தொடர்ச்சியா 23 சேவ் எடுத்தவர் வேற.

ஒன்பதாவது இன்னிங்ஸ். ஒரு பன்ட்டை எடுத்து அவரே ரெண்டாவது பேஸுக்கு எறிஞ்ச பந்து குறி தவறுது. கொஞ்ச நேரத்துல ஸ்கோர் சமம். அப்புறம் லூயிஸ் கொன்சாலெஸ். கட்டர் பேட்ல சரியாக்கூடப் படல. ஆனா ரன்னைத் தடுக்க முன்னாடி வந்து நின்ன ஃபீல்டர்களைத் தாண்டி மெதுவா போய் விழுந்துச்சு. 3-2. கோப்பை போச்சு.

கதை அங்க முடியல. ஜெயிச்சிருந்தா நியூயார்க்ல வெற்றி ஊர்வலம் நடந்திருக்கும். அது முடிஞ்சு டொமினிக்கன் குடியரசுக்குப் போக, சக வீரர் என்ரிகே வில்சன் டிக்கெட் எடுத்து வெச்சிருந்தார். தோத்ததால முன்னாடியே கிளம்பிட்டார். நவம்பர் 12-ல, அவர் போயிருக்க வேண்டிய அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 587 விமானம், கிளம்பின கொஞ்ச நேரத்துலயே குயின்ஸ் பகுதியில விழுந்துச்சு. தரையில இருந்தவங்களையும் சேர்த்து 265 பேர் இறந்துட்டாங்க.

நாங்க தோத்தது நல்லதுதான், என் நண்பன் உயிரோட இருக்கானேன்னு ரிவேரா பிறகு சொன்னார்.

இதை 'எல்லாம் நன்மைக்கே'ன்னு என்னால முடிச்சிட முடியல. அந்த 265 பேரோட குடும்பங்கள் இருக்காங்களே. ஆனா தன் வாழ்க்கையிலேயே பெரிய தோல்வியை ஒரு நண்பனோட உயிருக்குப் பக்கத்துல வெச்சுப் பார்க்க அவரால முடிஞ்சது. 2019-ல வாக்களித்த 425 பேருமே அவரை ஹால் ஆஃப் ஃபேமுக்குத் தேர்ந்தெடுத்தாங்க. அப்படி ஒருமனதா தேர்வான முதல் ஆள் அவர்தான். எனக்கு என்னவோ, அவர் பேரைக் கேட்டா முதல்ல ஞாபகம் வர்றது அந்த ஒரு வார்த்தைதான்.

அடுத்த எபிசோட்ல பாக்கலாம்.