குடியேறியோரின் வாழ்க்கை நிறைவு

பிறந்த ஊரையோ நாட்டையோ விட்டு வேறிடம் சென்று வாழ்பவர்கள் தம் வாழ்வை ஒட்டுமொத்தமாக எப்படி மதிப்பிடுகிறார்கள் என்பதே குடியேறியோரின் வாழ்க்கை நிறைவு எனப்படுகிறது. உளவியல், சமூகவியல், பொருளியல் ஆகிய துறைகள் இதை ஆராய்கின்றன.

அளவிடும் முறை

அமெரிக்க உளவியலாளர் ஹாட்லி கான்ட்ரில் 1965-இல் வெளியிட்ட ஏணி முறை பரவலாகப் பயன்படுகிறது. ஏணியின் உச்சி தமக்குக் கிட்டக்கூடிய மிகச் சிறந்த வாழ்வு, அடி மிக மோசமான வாழ்வு எனக் கொண்டு, 0 முதல் 10 வரையிலான படிகளில் தாம் எதில் நிற்கிறோம் என்பதை ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும்.

சேர்ந்த நாடும் பிறந்த நாடும்

2018-ஆம் ஆண்டின் உலக மகிழ்ச்சி அறிக்கை 117 நாடுகளில் குடியேறியோரின் மகிழ்ச்சியைத் தரவரிசைப்படுத்தியது. மொத்த மக்கள், குடியேறியோர் ஆகிய இரு பட்டியல்களிலும் பின்லாந்தே முதலிடம் பெற்றது. குடியேறியோரின் நிறைவு உள்ளூர் மக்களின் நிலையை ஒட்டியே அமைகிறது. ஆனாலும் பிறந்த நாட்டின் சாயல் ஓரளவு தங்கிவிடுகிறது.

இச்சாயலைப் பிரெஞ்சுப் பொருளியலாளர் குளோடியா செனிக் 2014-இல் வெளியிட்ட ஆய்வு விளக்குகிறது. பிரெஞ்சுக்காரர்கள் வெளிநாட்டில் வாழும்போதும் பிற ஐரோப்பியரைவிடக் குறைந்த மகிழ்ச்சியையே தெரிவித்தனர். பிரான்சில் குடியேறியோரிடம் அக்குறைவு தென்படவில்லை. ஆண்டுகளும் தலைமுறைகளும் கடக்கக் கடக்கவே அவர்களின் மகிழ்ச்சி குறைந்தது. சூழலோடு, சிறுவயதில் ஊறிய மனப்பாங்கும் நிறைவைத் தீர்மானிக்கிறது என்பதற்கு இது சான்று.

வருமானமும் ஒப்பீடும்

நியூசிலாந்து 2002 முதல் தொங்கா நாட்டவரில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்துக் குடியேற அனுமதித்தது. விண்ணப்பித்தவர்களில் குலுக்கலில் தேர்வானோரையும் தேர்வாகாதோரையும் ஒப்பிட்டபோது, குடியேறியோரின் வருமானம் பெரிதும் உயர்ந்திருந்தது, மனநலமும் மேம்பட்டிருந்தது. ஆனால் மகிழ்ச்சி குறைந்திருந்தது.

சீனாவில் கிராமத்திலிருந்து நகரங்களுக்குப் பிழைக்கப் போனவர்களை ஜான் நைட், ரமணி குணதிலக ஆகியோர் ஆராய்ந்தனர். கூடுதல் வருமானம் இருந்தும், கிராமத்தில் தங்கியவர்களைவிட அவர்களின் மகிழ்ச்சி குறைவாகவே இருந்தது. ஊராரோடு தம்மை ஒப்பிட்டுவந்தவர்கள் நகரத்தாரோடு ஒப்பிடத் தொடங்கியதும், எதிர்பார்ப்பு வருமானத்தை முந்திக்கொண்டதும் இதற்குக் காரணங்கள். நகரத்துக் குடிப்பதிவு இல்லாதவர்களுக்கு அங்குள்ள சலுகைகள் பல எட்டாமற்போனதும் அவர்களின் நிலையைத் தாழ்த்தியது.

பண்பாட்டு ஒருங்கிணைவு

தாய்ப் பண்பாட்டைப் பேணியபடியே புதிய சமூகத்திலும் கலந்து வாழ்வதைக் கனடிய உளவியலாளர் ஜான் பெர்ரி ஒருங்கிணைவு என வகைப்படுத்தினார். இரண்டிலிருந்தும் விலகி நிற்பவர்களைவிட இவர்கள் நன்கு தகவமைகிறார்கள். ஆனால் குடியேறியவரின் முயற்சி மட்டும் இதற்குப் போதாது. வந்தவர்களை ஏற்கும் மனம் உள்ளூர்ச் சமூகத்துக்கும் இருந்தால்தான் ஒருங்கிணைவு கைகூடும்.