ஆரோக்கியவரத்தின் பாலும் சென்னையின் மாத்திரையும்

மதனப்பள்ளி என்றவுடன் இருவர் நினைவுக்கு வருவர்: அங்கே பிறந்த ஜே. கிருஷ்ணமூர்த்தி, 1919-இல் அங்கே தங்கி 'ஜன கண மன'வை ஆங்கிலத்தில் பெயர்த்த தாகூர். நோய்களின் வரலாற்றைப் பயில்வோருக்கோ அவ்வூரின் முதன்மையான அடையாளம், அதன் அருகிலுள்ள ஆரோக்கியவரம்தான். அன்றைய சென்னை மாகாணத்தின் சித்தூர் மாவட்டத்தில், பல புராட்டஸ்டண்ட் மிஷன்கள் கூட்டாக 1915-இல் அங்கே ஒரு காசநோய்ச் சானடோரியத்தைத் திறந்தன. முதல் கண்காணிப்பாளர் டேனிஷ் மருத்துவர் கிறிஸ்டியன் ஃப்ரிமொட் மோல்லர். அடுத்து வந்த பி. வி. பெஞ்சமின் பின்னாளில் இந்திய அரசின் காசநோய் ஆலோசகரானார்.

இடத் தேர்விலேயே ஒரு நோய்க் கோட்பாடு இருந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 700 மீட்டர் உயரம், வறண்ட காற்று, நெரிசலற்ற நிலம். காசநோய்க்குக் காரணம் ஒரு நுண்கிருமி என்று ராபர்ட் கோக் 1882-இலேயே அறிவித்துவிட்டார். ஆயினும் அதைக் கொல்லும் மருந்து இல்லாதவரை, உடலை வலுப்படுத்துவதே சிகிச்சையாக இருந்தது. ஓய்வு, திறந்த காற்று, பால், முட்டை, அளவான நடை ஆகியவை உலகெங்கும் சானடோரியங்களின் மருந்துச்சீட்டாயின. சென்னைக்கருகே 1928-இல் சௌரி முத்து தொடங்கிய தாம்பரம் சானடோரியமும் இவ்வழியில் வந்ததே. இன்று அப்பெயரைத் தாங்கும் ரயில் நிலையத்தில் இறங்குவோரில் எத்தனை பேருக்கு அது ஒரு மருத்துவச் சொல் என்று தெரியுமோ!

சானடோரியத்துக்கு ஒரு குறை உண்டு. தன் வாயிலுக்கு வந்தவரை மட்டுமே அது அறியும். ஆரோக்கியவரத்தின் சிறப்பு, அது அந்த வாயிலைத் தாண்டியதில் இருக்கிறது. 1948-இல், புதுமைப்பித்தன் சயரோகத்தால் மறைந்த அதே ஆண்டில், இந்தியாவில் பி.சி.ஜி. தடுப்பூசி முதலில் தொடங்கப்பட்ட மையங்களுள் மதனப்பள்ளியும் ஒன்று. 1950 முதல் 1955 வரை யோஹன்னஸ் ஃப்ரிமொட் மோல்லரின் குழு சுற்றுவட்டார மக்கள்தொகை முழுவதையும் ஆய்வுக்கு உட்படுத்தியது. நோயை மருத்துவமனைப் பதிவேட்டில் தேடாமல் ஊருக்குள் சென்று தேடிய முன்னோடி முயற்சி அது. 1955–58-இல் நடந்த தேசிய மாதிரி ஆய்வு இன்னும் ஒரு படி சென்று, நகரத்துக்கும் கிராமத்துக்கும் நோயின் அளவில் பெரிய வேறுபாடு இல்லை என்று காட்டியது. நல்ல காற்று காக்கும் என்ற நம்பிக்கை அத்துடன் ஆட்டம் கண்டது.

பி.சி.ஜி.யின் கதை தனிக் கட்டுரைக்குரியது. ராஜாஜி 1955-இல் அதைக் கடுமையாக எதிர்த்தார். 1968-இல் செங்கல்பட்டு மாவட்டத்தில் தொடங்கிய பெரும் சோதனையின் முதல் அறிக்கை 1979-இல் வெளியானபோது, நுரையீரல் காசநோயைத் தடுக்கும் ஆற்றல் அதில் புலப்படவில்லை. குழந்தைகளின் மூளைச்சவ்வுக் காசநோய் போன்ற கொடிய வடிவங்களைத் தடுப்பதற்காகவே அது இன்றும் போடப்படுகிறது.

சானடோரிய யுகத்தை முடித்துவைத்தது சென்னை. 1956-இல் வாலஸ் ஃபாக்ஸ் தலைமையில் தொடங்கிய காசநோய் வேதிசிகிச்சை மையம், 193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவதுபோல இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் தத்தம் நெரிசலான வீட்டிலேயே. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்துகள்: ஐசோனியாசிட், பாஸ். வீட்டிலிருந்தோர் ஏழைகள்; உணவு குறைவு, ஓய்வு அதனினும் குறைவு. சானடோரியத்தாரின் எடை நன்றாகக் கூடியது. ஆயினும் குணமானதில் இரு பிரிவினருக்கும் பெரிய வேறுபாடில்லை.

அடுத்த கண்டுபிடிப்பு இதனினும் முக்கியமானது. நோயாளியுடன் ஒரே கூரையின்கீழ் வாழ்ந்தோரை ஐந்தாண்டுகள் கண்காணித்தபோது, நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் நோய் கூடுதலாகப் பரவியதற்குச் சான்று கிடைக்கவில்லை. கண்டறியப்படுமுன் இருமிக்கொண்டிருந்த காலத்திலேயே தொற்றுவது பெரும்பாலும் தொற்றிவிடுகிறது. மருந்து தொடங்கியபின் பரவும் வேகம் குறைகிறது. நோயாளியை ஒதுக்கிவைப்பதற்கு இருந்த மருத்துவ நியாயம் இங்கே தளர்ந்தது. (சமூகம் அந்த நியாயத்தை இன்னும் கைவிட்டபாடில்லை.) 1962-இன் தேசியத் திட்டம் இந்த அடித்தளத்தின்மீதே எழுந்தது.

என் கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. 1961-இல் அம்மையம் உணவைப் பற்றித் தனியே ஒரு கட்டுரை வெளியிட்டது. மருந்து ஒழுங்காக உட்கொண்டால், குறைந்த உணவு குணமடைவதைத் தடுப்பதில்லை என்பது அதன் சாரம். அது சரியான முடிவு. ஆனால் அது நோயாளியின் சிகிச்சையைப் பற்றிய முடிவு மட்டுமே. கிருமி தொற்றியவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவரே வாழ்நாளில் நோயாளி ஆகிறார். அந்த ஒருவர் ஏன் விழுகிறார் என்ற வினாவுக்கு அந்த ஆய்வு விடை கூறவில்லை. கூற முற்படவும் இல்லை. நடைமுறையிலோ இரண்டும் ஒன்றாகக் கலந்தன. சானடோரியத்தைக் கைவிட்டபோது அதன் பாலையும் முட்டையையும் சேர்த்தே கைவிட்டோம். ஆரோக்கியவரத்தார் காற்றைப் பற்றித் தவறியிருக்கலாம். தட்டைப் பற்றி முழுதும் தவறவில்லை.

2023-இல் வெளியான 'ரேஷன்ஸ்' ஆய்வு அதை நிறுவியது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் வீட்டார் 10,345 பேரைப் பின்தொடர்ந்தனர். மாதந்தோறும் கூடுதல் உணவுப்பொருள் பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் தோன்றுவது 39 விழுக்காடு குறைந்தது. கிருமி உறுதிசெய்யப்பட்ட நுரையீரல் காசநோய் 48 விழுக்காடு குறைந்தது. இவ்வாய்வில் பங்குகொண்ட நிறுவனங்களுள் ஒன்று, சென்னையின் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். 1956-இன் அதே மையம்தான் இன்று இப்பெயரில் இயங்குகிறது.

2018-இல் அறிமுகமான நிக்ஷய் போஷண் திட்டத்தில் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் வழங்கப்பட்டது. 2024-இல் அது 1,000 ஆனது. நோயாளியின் வீட்டாருக்கும் உணவுப்பை உண்டு என்ற அறிவிப்பு வந்ததும் அந்த ஆண்டில்தான். சென்னையின் உணவுக் கட்டுரை வெளியாகி 63 ஆண்டுகளுக்குப் பின்.