சுங்கச்சாவடியில் நின்ற லாரிகள்

ஆப்ஜெக்ட் என்றால் என்ன? கல்லூரியில் எங்களுக்குச் சொல்லித்தந்த பதில் நாய். விலங்கு ஒரு கிளாஸ், நாய் அதன் வாரிசு, குரைக்கும். எழுதி மார்க்கும் வாங்கியாச்சு. ஆனால் இந்த யோசனை பிறந்த வீட்டில் நாயும் இல்லை, பூனையும் இல்லை. அணு உலையும் வரிசையில் நின்ற வண்டிகளும்தான் இருந்தன.

நார்வேயின் ராணுவ ஆராய்ச்சி நிலையத்தில் வேலைபார்த்த கிறிஸ்டன் நிகார்ட், 1949-50 வாக்கில் அந்நாட்டின் முதல் அணு உலைக்கான கணக்குகளில் இறங்கினார். வழக்கமான கணித முறைகள் கைகொடுக்கவில்லை. அதனால் மான்டி கார்லோ: தற்செயல் எண்களை வைத்துத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பது. அதுவும் கணினியில் இல்லை, கையால்!

கணக்கைவிட, ஒரு சிக்கலான அமைப்பை எந்த மொழியில் விவரிப்பது என்பதுதான் பிறகு அவரைப் பிடித்துக்கொண்டது. 1962 முதல் ஆஸ்லோவில் ஓலே-யோஹான் டாலும் அவரும் சேர்ந்து சிமுலா மொழியை உருவாக்கினார்கள். முதல் வடிவத்தில் கவுன்டர்கள்தான் வேலை செய்யும். வாடிக்கையாளர்கள் சும்மா நகர்ந்து போவார்கள். 1964-இல் அதைத் தூக்கிப்போட்டார்கள். இனி வாடிக்கையாளருக்கும் சொந்தத் தகவல், சொந்தச் செயல், சொந்த வாழ்க்கை உண்டு. என்னைக் கேட்டால், பெரிய தாவல் இதுதான்.

இன்ஹெரிட்டன்ஸ் வந்தது 1966-67 குளிர்காலத்தில். பாலத்துச் சுங்கச்சாவடியில் லாரி, பஸ், கார் எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒவ்வொன்றும் வேறு; ஆனால் வரிசையில் நிற்கும் குணம் எல்லாவற்றுக்கும் பொது. அந்தப் பொதுவை ஒருமுறை எழுதி, மற்றவற்றின் முன்னால் ஒட்டிவிட்டால் போதுமே? சிமுலா 67 அதைத்தான் செய்தது.

கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவராக இருந்த பியார்ன ஸ்ட்ரூஸ்ட்ரப் தன் சிமுலேஷனை சிமுலாவில் எழுதினார். எழுதச் சுகம், ஓட்டினால் ஆமை. 1979-இல் பெல் ஆய்வகத்தில் சி மொழிக்குள் அவர் கிளாஸைக் கொண்டுவந்ததற்கு அந்த அனுபவமும் காரணம். சி++ அப்படி வளர்ந்தது.

அந்த சி++ மறுபடி துகள்களிடமே போய்ச்சேர்ந்தது. செர்னில் ஃபோர்ட்ரானில் இருந்த ஜியான்ட்3-ஐ விட்டுவிட்டு, 1998-இல் ஜியான்ட்4 வெளியானது. இதில் எலக்ட்ரானுக்குத் தன் இயற்பியல் தெரியாது. சிதறல், அயனியாக்கம் எல்லாம் தனித்தனி ஆப்ஜெக்ட்கள். ஒவ்வொரு அடியிலும் அவை தங்கள் தூரத்தைச் சொல்லும். எது குறைவோ அது ஜெயிக்கும். புது இயற்பியல் வேண்டுமா? இன்னொரு ஆப்ஜெக்ட்டைச் சேர்த்தால் போதும், எலக்ட்ரானைத் தொடவே வேண்டாம். டிசைன் பேட்டர்ன் படித்தவர்களுக்கு ஸ்ட்ராட்டஜி ஞாபகம் வரும்.

ஆனால் நியூட்ரானுக்கு வலிக்காது. தொழிற்சாலையை சிமுலேஷன் செய்தால் உள்ளே நிற்கும் ஆப்ஜெக்ட்களில் சில, ஆட்கள். சிமுலாவில் போட்ட மாதிரிகள் தொழிலாளர்களின் வேலையையே மாற்றியமைக்கப் பயன்படுகின்றன என்பது நிகார்டை உறுத்தியது. 1970-களின் தொடக்கத்தில் அவர் நார்வேயின் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு வேலைசெய்யப் போனார். முதலாளி கொண்டுவரும் கணினி அமைப்பைச் சங்கத்து ஆட்களே படித்துப் புரிந்து, பேரம் பேசுவதற்காகப் பாடப்புத்தகங்கள் எழுதினார்கள்.