சாப்பாவின் கதை

கொச்சியின் மட்டாஞ்சேரியில் கப்பல் சரக்கு தூக்கியவர்களின் வயிறு ஒரு காலத்தில் சாப்பாவை நம்பி இருந்தது. சாப்பா என்பது உள்ளங்கையில் அடங்கும் உலோக டோக்கன். அது கிடைத்தால் அன்றைக்கு வேலை. கிடைக்காவிட்டால் வீட்டில் அடுப்பு எரியாது.

துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ முகத்துவார மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்திய பிறகு, 1928இல் கொச்சியின் உள்துறைமுகத்துக்குள் கப்பல் நுழைந்தது. சரக்கு பெருகியது, கூலிக்கு நிற்பவர்கள் அதைவிட வேகமாகப் பெருகினார்கள். காலையில் திரளும் கூட்டத்துக்கு நடுவே வேலைக்கு ஆள் எடுக்கும் மூப்பன் சாப்பாக்களை வீசி எறிவான். பாய்ந்து, மிதித்து, அடுத்தவன் கையிலிருந்து பிடுங்கியாவது ஒன்றை எடுக்க வேண்டும்.

இதைக் கண்காணிப்புக் கருவி என்றே நான் சொல்வேன். கேமரா வேண்டியதில்லை. பக்கத்தில் நிற்பவன் தோழனல்ல, போட்டிக்காரன் என்று தினமும் காலையில் பாடம் நடந்தது. யாருக்கு வேலை என்பது மூப்பன் ஒருவன் கையில் இருக்கும்போது, சங்கம் பேசுகிறவனுக்கு மூப்பனின் கண் எப்போதும் தன்மேல்தான் என்று தோன்றாதா?

அப்படியும் சங்கம் வந்தது. சாப்பாவை ஒழிக்கச் சொல்லி 1953இல் வேலைநிறுத்தம் இரண்டு மாதத்துக்கு மேல் நீண்டது. செப்டம்பர் 15 அன்று போலீஸ் சுட்டதில் தொழிலாளர்கள் சைது, சைதலவி இருவரும் இறந்தார்கள். காவலில் பட்ட அடியில் ஆண்டனி செத்தார். துறைமுகத் தொழிலாளர் சட்டம் 1948லேயே வந்துவிட்டது. ஆனாலும் கொச்சியில் சாப்பா ஒழிய 1962 ஆயிற்று. பதிவேட்டில் பெயர், முறை வைத்து வேலை, வேலையில்லாத நாளுக்கும் வருகைப்படி: துறைமுகத் தொழிலாளர் வாரியம் தந்த இந்த மூன்றும் எறிகிறவன் கையைக் கட்டின. பிறகு சாப்பா கே.எம். சிதம்பரத்தின் நாடகத்துக்குப் போனது. அங்கிருந்து 2023இல் ராஜீவ் ரவியின் ‘துறமுகம்’ படத்துக்கு வந்தது.

இன்று சாப்பாவின் வேலையைச் செல்போன் செயலி செய்கிறது. ஆர்டர் ‘விழும்’ வரை டெலிவரிக்காரர்கள் தெருவோரம் காத்திருக்கிறார்கள். வண்டி எங்கே நிற்கிறது, எத்தனை ஆர்டரை மறுத்தார் என்பதெல்லாம் செயலிக்குத் தெரியும். செயலிக் கணக்கின் ஐடியை முடக்கினால் அன்றோடு பிழைப்பு போயிற்று. மூப்பனிடமாவது முகத்துக்கு நேரே சண்டை போடலாம். செயலியிடம் எங்கே போய்க் கத்துவது?

கர்நாடகம் 2025இல் சட்டம் போட்டது: காரணத்தை எழுத்தில் தராமல், 14 நாள் முன்னறிவிப்பு கொடுக்காமல் இப்படிச் செயலி வழி வேலை செய்யும் கிக் தொழிலாளியை நீக்கக் கூடாது. உங்களுக்குத் தெரிந்தவர் யாருக்காவது ஐடி முடங்கினால், முதலில் காரணத்தை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். தனியாக அல்ல, நாலு பேர் சேர்ந்து.