என்பில் ஊன்றிய கால்

செயற்கைக்காலின் வரலாற்றை நோக்குவோமாயின் ஓர் உண்மை புலனாகும். 16ஆம் நூற்றாண்டிலே பிரெஞ்சுச் சத்திரவைத்தியர் அம்புறுவாஸ் பரே, போரில் உறுப்பிழந்தோருக்குச் செயற்கை உறுப்புகளை வடிவமைத்தார். அதன்பின் நானூறு ஆண்டுகள் கழிந்தும் அடிப்படை முறை மாறவில்லை. எஞ்சிய காற்பகுதியின்மேல் கிண்ணம் போன்ற உறையை மாட்டுவதே அம்முறை. உறை உரசும், தோல் புண்ணாகும், நெடுநேரம் நின்று தொழில் செய்தல் அரிது.

மாற்றம் எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1952இல் சுவீடனின் லுண்ட் நகரிலே பெர் இங்வார் பிரோனெமார்க் என்னும் ஆய்வாளர், குருதியோட்டத்தை ஆராயும்பொருட்டு முயலின் என்பினுள் தைற்றேனியக் கருவியொன்றைப் பதித்தார். பின்னர் அதனைக் கழற்ற இயலவில்லை. உயிருள்ள என்பு உலோகத்தோடு ஒன்றிவிட்டிருந்தது!

1965இல் இவ்வறிவு பல்லிழந்தோருக்குப் பயன்பட்டது. பல்வைத்திய அறிஞர் பலர் நெடுங்காலம் ஐயுற்றனர். 1982இல் நிகழ்ந்த ரொறன்ரோ மாநாட்டின் பின்னரே அது பரவலாக ஏற்கப்பட்டது. 1990இல் சுவீடனிலே, காலிழந்த ஒருவரின் தொடையென்பில் தைற்றேனியம் பதிக்கப்பட்டது. அதனோடு பொருந்திய தண்டு தோலுக்கு வெளியே நீண்டது. அதிலே செயற்கைக்கால் பூட்டப்பட்டது. உறை வேண்டியதில்லை, தரையின் தன்மையையும் என்பின் வழியே உணரலாம். தண்டு வெளிவரும் வாயிலில் கிருமி தொற்றும் அபாயம் உண்டென்பதையும் நாம் மறைத்தலாகாது.

2020இல் அமெரிக்கா இம்முறைக்கு முழு அனுமதி வழங்கியது. ஆயினும் இதற்குத் தேர்ந்த வைத்தியர், பலமாதக் கண்காணிப்பு, பெரும்பொருள் யாவும் வேண்டும். மிதிவெடி காலைப் பறிப்பதோ பெரும்பாலும் வயலிலும் காட்டிலும் உழைக்கும் ஏழையிடமிருந்தே. முயலின் என்பு கற்பித்த உண்மை எவருடைய தனியுடைமையுமன்று. அதன் பயன் மட்டும் பொருள் படைத்தோரின் உடைமையாவது எங்ஙனம் நீதியாகும்?