நித்தியகல்யாணி



நம் மைசூர் இரயில்வே குடியிருப்பில் நித்தியகல்யாணி பூக்காத வாசல் அரிது. நீர் வார்ப்பார் இல்லையாயினும் ஆண்டு முழுதும் பூக்கும். ஆடுமாடுகள் பெரும்பாலும் அதனைத் தீண்டா. தமிழ்நாட்டில் இதற்குச் சுடுகாட்டு மல்லி என்றும் பெயருண்டு. மங்கலமும் அமங்கலமுமான இரு பெயர்கள் ஒரு செடிக்கே பொருந்துதல் வியப்பன்று என்பதை அதன் வரலாறு உணர்த்தும்.

இதன் தாயகம் ஆப்பிரிக்காவை அடுத்த மடகாஸ்கர் தீவு. கப்பலேறிப் பல நாடுகளுக்கும் பரவி, நம்மைப் போலவே வந்த மண்ணில் வேரூன்றியது. நம் நாட்டிலும் பிற நாடுகளிலும் மக்கள் இதன் இலையைக் காய்ச்சி நீரிழிவுக்கு அருந்தலாயினர்.

1952-இல் ஜமைக்காத் தீவிலிருந்து இவ்விலைகள் சில, கனடா நாட்டு மருத்துவர் கிளார்க் நோபிளிடம் வந்து சேர்ந்தன. அவர் அவற்றைத் தம் சகோதரர் இராபர்ட் நோபிளின் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார். அங்கே எலிகளுக்கு இலைச்சாற்றை வாய்வழியே புகட்டினர். இரத்தச் சர்க்கரை குறையவில்லை. ஊசிவழியே செலுத்தினர், சில நாட்களில் எலிகள் மடிந்தன. இரத்தத்தின் வெள்ளணுக்கள் குன்றிப்போனமையால், கிருமிகளை எதிர்க்கும் வலிமையை அவை இழந்திருந்தன.

ஆய்வாளர் சோர்வுறவில்லை. வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், அவ்வணுக்கள் அளவின்றிப் பெருகும் புற்றுநோய்க்கு மருந்தாகாதோ என எண்ணினர். இராபர்ட் நோபிளும் வேதியியலறிஞர் சார்லஸ் பீரும் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958-இல் உலகறிய வெளியாயிற்று. இதே செடியில் கிடைத்த வின்கிரிஸ்டினை அமெரிக்க அரசு 1963-இல் ஏற்றது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு அஃது இன்றும் பயன்படுகின்றது. ஒரு கிராம் மருந்துக்குப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும். திருநெல்வேலிச் சீமையின் மானாவாரி நிலங்களிலும் இச்செடியைப் பயிரிடுகின்றனர்.

எனினும், இம்மருந்தை மருத்துவமனையில் இரத்தம் சோதித்து, அளவறிந்து, ஊசிவழியே செலுத்துவர். அளவு மிஞ்சின் வெள்ளணுக்களும் நரம்புகளும் கெடும். கருவுற்ற தாய்மார் அறவே விலக்கல் வேண்டும். நாம் கிள்ளும் இலையில் நஞ்சு எவ்வளவு என்று அளந்து சொல்வார் யார்?

என் பெரிய தந்தையார் ஒருவர் கூறியது கேட்டு, சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு, வைகறைதோறும் இதன் இலையை மென்று வந்தார். வாசலில் மயங்கி விழுந்த பின்னரே எங்களுக்குச் செய்தி தெரிந்தது. தெய்வாதீனமாக உயிர் பிழைத்தார். அன்று மருத்துவர் எங்களை வினவிய முதற்கேள்வி, "மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள்?" என்பதே.

ஆதலின், இப்பூவைப் பூசைக்குப் பறிப்போம். வாசலுக்கு அழகாய் வளர்ப்போம். மருந்தென்று எண்ணி வாயிலிடுதல் மட்டும் வேண்டா.